சுவரில் எழுதிய பெயர்

மாணாக்கர் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது ஆசிரியத் தொழிலின் சலிப்பான வேலைகளுள் ஒன்று. அதிலும், ‘நான் யார்? எதிர்காலத்தில் யாராக விரும்புகிறேன்?’ என்னும் தலைப்பைக் கொடுத்துவிட்டால் அச்சலிப்பு இரட்டிக்கும். நாற்பது கொப்பிகளில் முப்பது கொப்பிக்காரர் வைத்தியராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்வர். எஞ்சியோர் பொறியியலாளராகிப் பாலம் கட்டுவர். தம் வீட்டைப் பற்றியோ, தாம் நாள்தோறும் நடந்துவரும் ஒழுங்கையைப் பற்றியோ, தந்தை எத்தொழில் செய்து தம்மை வளர்க்கின்றார் என்பதைப் பற்றியோ ஒருவரும் ஒரு வரி எழுதுவதில்லை. இதனை மாணாக்கரின் கற்பனை வறுமை என்றே நான் நெடுங்காலம் கருதியிருந்தேன். அவ்வறுமை அவர்களுடையதன்று, அவர்களுக்குக் கற்பித்த என்போன்றோருடையது என்பதை எனக்கு உணர்த்தியது ஓர் அமெரிக்கச் சித்திரப்படம் என்றால் நண்பர்கள் நகைப்பர். நகைக்கட்டும், நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற தவணை விடுமுறையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்தர வகுப்பில் படிக்கும் அவள் மகன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். “மாமா, சிலந்தி மனிசன் எண்டவுடன முகத்தைச் சுழியாதேங்கோ. இதில ஒரு ரீச்சர் வாறா. அவவும் உங்களைப்போலத்தான், ‘நீ ஆர் எண்டு எழுதிக்கொண்டு வா’ எண்டு சொல்லுறா” என்றான். படத்தின் பெயர் ‘ஸ்பைடர்மான்: இன்ரு த ஸ்பைடர்வேர்ஸ்’.

முகமூடி வீரர்களின் கதைகளை மேடைகளிற் கண்டித்துப் பேசியவன் நான். மக்கள் கூடிச் செய்யவேண்டிய காரியத்தை ஒரு தனிமனிதன் வானத்திலிருந்து குதித்துச் செய்து முடிப்பான் என்று காத்திருக்கப் பழக்கும் கதைகள் அவை. பெருங்கம்பனிகள் உலகெங்கும் விற்கும் கனவுச் சரக்குகள். இக்கருத்தை நான் இன்றும் கைவிடவில்லை. ஆயினும், பாராத படத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது விமர்சனமாகாது அன்றோ? ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் அமர்ந்து பார்த்தேன். மறுநாள் மீண்டும் பார்த்தேன்.

இப்படம் 2018 டிசம்பரில் வெளிவந்தது. சோனி நிறுவனத்தின் தயாரிப்பு. இயக்குநர் மூவருள் ஒருவரான பீற்றர் ராம்ஸி, சித்திரப்படத்துக்கான ஒஸ்கார் விருதினை 2019இல் பெற்றபோது, அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பின அமெரிக்க இயக்குநரானார். கதாநாயகன் மைல்ஸ் மொராலெஸ் என்னும் சிறுவன். பிறயன் மைக்கல் பெண்டிஸ், சாரா பிக்கெல்லி என்னும் இருவர் 2011இல் படக்கதை ஏடொன்றில் இப்பாத்திரத்தை உருவாக்கினர். அதற்கு முன் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இளைஞர் அறிந்திருந்த சிலந்தி மனிதன் பீற்றர் பாக்கர் என்னும் வெள்ளையன். மைல்ஸின் தந்தையோ கறுப்பினத்தவர், பொலிஸ்காரர். தாய் புவேர்ட்டோ றிக்கோ வழியினர், தாதி. அவர்கள் வாழ்வது நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில்.

கதையின் தொடக்கத்தில் மைல்ஸ் தன் தெருவால் நடந்து போகிறான். பழைய பாடசாலைத் தோழர்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அவனை அழைக்கின்றனர். அவனும் இரு மொழியிலும் விடை சொல்கிறான். தன் பெயரை எழுதிய ஒட்டுத்தாள்களைத் தெருப்பலகைகளில் ஒட்டிக்கொண்டு போகிறான். ஆனால், அவன் போவது அத்தோழர்கள் படிக்கும் பாடசாலைக்கன்று. குலுக்கற் சீட்டில் இடங்கிடைத்து, மேட்டுக்குடிப் பிள்ளைகள் பயிலும் விடுதிப் பாடசாலையொன்றுக்குப் போகிறான். அங்கே அவன் சொல்லும் வணக்கத்துக்கு மறுமொழி சொல்வாரில்லை.

அங்கேதான் என் மருமகன் சொன்ன ஆசிரியை வருகிறார். ‘சரி, பிழை’ என்று விடையளிக்கும் பௌதிகப் பரீட்சையொன்றில் மைல்ஸ் பூச்சியம் எடுக்கிறான். கண்ணைக் கட்டிக்கொண்டு குறியிட்டாலும் பாதியளவு சரியாக அமைந்துவிடும்; எல்லாவற்றையும் பிழையாக எழுதுவதற்கு எல்லா விடைகளும் தெரிந்திருக்கவேண்டும் என்று ஆசிரியை கண்டுகொள்கிறார். பூச்சியத்தை நூறாகத் திருத்திவிட்டு, எத்தகைய மனிதனாக விரும்புகிறாய் என்பதைக் கட்டுரையாக எழுதிவரும்படி பணிக்கிறார்.

இந்தக் காட்சியை ஆசிரியர்கள் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அப்பூச்சியம் அறியாமையின் அடையாளமன்று. தன்னைத் தன் தெருவிலிருந்து பிரித்தெடுக்கும் பாடசாலையிலிருந்து வெளியேற்றப்படுவதற்காக அவன் கைக்கொண்ட உபாயம் அது. ஆசிரியை கெட்டிக்காரி, அவன் விடை அறிந்தவன் என்பதைக் கண்டுகொண்டார். விடை அறிந்தவன் ஏன் தோற்க விரும்பினான் என்ற கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. நாமும் கேட்பதில்லை.

அவ்வகுப்பிற் பயிலப்படும் நூல் சாள்ஸ் டிக்கின்ஸ் எழுதி 1861இல் நிறைவெய்திய ‘கிரேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்’ என்னும் நாவல். கொல்லன் வீட்டில் வளர்ந்த அநாதைச் சிறுவன் ஒருவன் யாரோ தந்த பணத்தால் இலண்டனிற் கனவானாகி, தன்னை வளர்த்த கொல்லனைக் கண்டு நாணும் கதை அது. படத்தை எடுத்தோர் இந்நூலை வேண்டுமென்றே தெரிந்தெடுத்திருக்க வேண்டும். ஏழைப் பிள்ளைக்குக் கல்வி கதவைத் திறக்கும்போதே, வந்த வழியைக் கண்டு நாணவும் கற்பிக்கின்றது. நூற்றறுபது ஆண்டுகள் கழிந்தும் இப்பாடத்தைப் பாடசாலைகள் நிறுத்தவில்லை.

மைல்ஸ் கட்டுரையை எழுதவில்லை. இரவில் விடுதியை விட்டு வெளியேறி, தந்தையின் சகோதரன் ஏரனிடம் போகிறான். தந்தை ஒழுங்கின் பக்கம் நிற்பவர். ஏரன் அப்பக்கம் நில்லாதவன். நிலத்தடிப் புகைவண்டிப் பாதைக்கு அப்பாலுள்ள கைவிடப்பட்ட இடமொன்றுக்கு ஏரன் அவனை அழைத்துச் செல்கிறான். அங்கே, வர்ணந் தெளிக்கும் தகரங்களைக் கொண்டு அவன் பெரியதொரு சுவர் முழுவதும் எழுதுகிறான். ‘எதிர்பார்ப்புகள் இல்லை’ என்னும் பொருள்பட எழுதி, நடுவில் தன் உருவத்தின் வெளிக்கோட்டையும் வரைகிறான். கொப்பியில் எழுதச் சொன்ன கட்டுரையை அவன் சுவரில் எழுதிவிட்டான் என்பதே இதன் கருத்து. அவனை மாற்றப்போகும் சிலந்தி அவனைக் கடிப்பதும் அவ்விடத்திலேதான்.

சுவரில் எழுதும் இவ்வழக்கத்தைக் காலிகளின் வேலை என்று தள்ளிவிடுதல் எளிது. அதன் வரலாற்றை அறிந்தவர் அப்படித் தள்ளார். 1971 ஜூலையில் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை ஓர் இளைஞனைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. கிரேக்கக் குடியேற்றக்காரர் குடும்பத்தைச் சேர்ந்த அவன், நகரெங்கும் கடிதங்களும் பொதிகளும் கொண்டுசெல்லும் வேலை செய்தவன். போகுமிடமெல்லாம் ‘டாக்கி 183’ என்று எழுதினான். டாக்கி அவன் செல்லப் பெயர். 183 அவன் வாழ்ந்த தெருவின் இலக்கம். அவனைப் பின்பற்றியும் அவனுக்கு முன்னரும் எழுதிய பலர் இவ்வாறே பெயரையும் தெருவிலக்கத்தையும் சேர்த்து எழுதினர். நான் இன்னான், இன்ன தெருவான். உங்கள் பொதியைச் சுமந்துவந்த எனக்கும் ஒரு பெயருண்டு என்பதே அவ்வெழுத்தின் பொருள் எனலாம்.

அக்காலத்து நியூயோர்க் எத்தகையது? பிறொங்ஸ் பகுதியின் நடுவே பெருந்தெருவொன்றை வெட்டுவதற்காக ஆயிரக்கணக்கானோர் தம் இல்லங்களை விட்டு அகற்றப்பட்டிருந்தனர். 1975இல் நகரசபை வங்குரோத்தின் விளிம்புக்கு வந்தது; ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை நீக்கப்பட்டனர். கைவிடப்பட்ட அத்தெருக்களில், 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி, யமேய்க்காவிற் பிறந்த கிளைவ் கம்பெல் என்னும் இளைஞர், தொடர்மாடியொன்றின் பொது மண்டபத்தில் இசைத்தட்டுக்களைச் சுழற்றி நடத்திய விருந்தையே ஹிப்-ஹொப் இசையின் பிறப்பாகப் பலர் கொள்வர். சுவரெழுத்தும் இசையும் ஆட்டமும் அச்சூழலில் ஒன்றாக வளர்ந்தன. வாத்தியம் வாங்க வசதியில்லாதோர் இசைத்தட்டை வாத்தியமாக்கினர். துணித்திரை வாங்க வசதியில்லாதோர் சுவரைத் திரையாக்கினர். மைல்ஸ் தலையில் மாட்டிக் கேட்கும் பாட்டும், அவன் தகரத்திலிருந்து தெளிக்கும் வர்ணமும் இந்த மரபிலிருந்து வந்தவை. படம் அம்மரபை அன்போடு நடத்துகின்றது. ஆயினும், அதன் விலையைச் சொல்லாது விடுகின்றது.

படத்தில் பொலிஸ்காரத் தந்தை நல்லவர். பாடசாலை வாயிலில் எல்லார் முன்னிலையிலும் வாகனத்தின் ஒலிபெருக்கியால் மகனை அழைத்து, தன்மேல் அன்பு என்று சொல்லவைக்கிறார். நாம் சிரிக்கிறோம். அந்நகரின் வரலாற்றில் வேறொரு காட்சியும் உண்டு. 1983 செப்டெம்பர் 15ஆம் திகதி, மன்ஹற்றன் நிலத்தடிப் புகைவண்டி நிலையமொன்றில், சுவரில் எழுதினார் என்று மைக்கல் ஸ்ரூவர்ட் என்னும் கறுப்பின இளைஞர் கைதுசெய்யப்பட்டார். வயது 25. பொலிஸ் காவலில் நினைவிழந்த அவர், 13 நாட்களின் பின் மருத்துவமனையில் இறந்தார். வழக்கு விசாரிக்கப்பட்ட அதிகாரிகள் அறுவரும் 1985இல் விடுதலை செய்யப்பட்டனர். யூரிமார் அனைவரும் வெள்ளையர்.

ஸ்ரூவர்ட்டின் மரணத்தைச் சித்திரமாக வரைந்தவர் ஷோன் மிஷெல் பஸ்கியா. அவர் 1960இல் புறூக்ளினிற் பிறந்தவர். தந்தை ஹெயிற்றி நாட்டவர். தாய், மைல்ஸின் தாயைப்போலவே புவேர்ட்டோ றிக்கோ வழியினர். அவரும் நண்பரோடு சேர்ந்து மன்ஹற்றன் சுவர்களில் எழுதித் திரிந்தவரே. 1988இல், தமது 27ஆம் வயதில் இறந்தார். 2017இல் அவருடைய சித்திரமொன்று ஏலத்தில் 11 கோடி 5 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. எழுதிய கை உயிரோடிருந்தபோது சுவரை அழுக்காக்கிய கை. அது ஓய்ந்தபின் அதன் கோடு மூலதனம்.

இன்னுமோர் உதாரணம். குவீன்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பொயின்ற்ஸ்’ எனப்பட்ட பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில், உரிமையாளரின் அனுமதியோடு பல ஆண்டுகள் ஓவியர்கள் வரைந்து வந்தனர். அவ்விடத்தில் மாடிவீடுகள் கட்ட முடிவுசெய்த உரிமையாளர், 2013 நவம்பரில் ஓரிரவில் அத்தனை சித்திரங்களுக்கும் வெள்ளையடித்துவிட்டார். ஓவியர் 21 பேருக்கு 67 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கும்படி நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானதே. சுவர் மீளவில்லை. எழுத்து ஒன்றே, அது குற்றமா, கலையா, சொத்தா என்பதைத் தீர்ப்பது சுவரின் உடைமையாளன் யார் என்பதே. படத்தில் மைல்ஸின் தந்தை புதிது புதிதாகத் தோன்றும் கோப்பிக் கடைகளைக் காரிலிருந்து காட்டி வியக்கும் ஒரு கணம் உண்டு. வசதிபடைத்தோர் வந்து சேர, பழைய குடிகள் வாடகை கொடுக்கமாட்டாது வெளியேறும் நகரின் கதையைப் படம் அந்த ஒரு கணத்தில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இவ்வளவு குறைகூறியபின், நான் இரண்டாம் முறை பார்த்தது ஏன் என்று கேட்கலாம். இளைஞன் ஒருவன் எவ்வாறு ‘தானாக’ ஆகிறான் என்பதைப் பற்றி இப்படம் ஓர் உண்மையைச் சொல்கிறது. உன்னுள்ளே தேடு, உன்னைக் காண்பாய் என்பது சந்தைப் பண்பாட்டின் வழக்கமான உபதேசம். மைல்ஸ் தன்னுள்ளே தேடிக் கண்டது ஒன்றுமில்லை. நகரைக் காத்துவந்த சிலந்தி மனிதன் அவன் கண்முன் கொல்லப்படுகிறான். வேறோர் உலகிலிருந்து வந்து சேர்ந்த நடுவயது பீற்றர் பாக்கர், தொந்தி விழுந்து வாழ்வில் தோற்றவர், அவனுக்கு விருப்பமில்லாத ஆசானாகிறார். பின்னர் அவரே, நீ இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அவனைக் கதிரையோடு கட்டி, வாயையும் அடைத்துவிட்டுப் போகிறார். அன்புள்ள ஆசிரியர்களும் மாணாக்கருக்குச் செய்வது இதுதானே!

அந்நிலையில் தந்தை கதவுக்கு வெளியே வந்து நிற்கிறார். ஏரன் இறந்துவிட்டான். அவன் நகரின் பெருஞ்செல்வனான கிங்பினிடம் கூலிக்கு வேலை செய்தவன். மைல்ஸைக் கொல்ல மறுத்தமையால் முதலாளியாற் சுட்டுக் கொல்லப்பட்டவன். மகன் விடைசொல்ல இயலாத நிலையில் இருக்கின்றான் என்பதை அறியாத தந்தை, உன்னிடம் ஒளி இருக்கிறது, அதைக் கொண்டு நீ எதைச் செய்தாலும் நன்றாகச் செய்வாய் என்ற கருத்துப்படப் பேசிவிட்டுப் போகிறார். நான் சொல்வதைச் செய் என்று அவர் சொல்லாத முதற் சந்தர்ப்பம் அது. அதன் பின்னரே மைல்ஸின் கட்டு அவிழ்கிறது.

விடுபட்டவன் என்ன செய்கிறான்? இறந்துபோன சிலந்தி மனிதனின் ஆடையை எடுக்கிறான்; அதை அப்படியே அணியவில்லை. ஏரனோடு சுவரில் எழுதிய அதே முறையில் கறுப்பும் சிவப்புமாக வர்ணந் தெளித்து, தன்னுடையதாக்கி அணிகிறான். மரபைக் கைக்கொள்வது பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதி வாதித்ததை ஒரு காட்சியில் முடித்துவிட்டார்கள். முன்னோர் தந்தது ஆடை. தெரு தந்தது வர்ணம். தந்தை தந்தது நம்பிக்கை. தாய் தந்தது இரண்டாவது மொழி. இவை யாவும் சேர்ந்தது ‘நான்’.

சித்திரத்தின் உத்தியிலும் இக்கருத்து ஊடுருவி நிற்கிறது. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். பீற்றரும் மைல்ஸும் காட்டினூடே தாவிச் செல்லும் காட்சியில், பீற்றரின் அசைவு அந்த 24 சட்டங்களிலும் மாறிக்கொண்டு வர, மைல்ஸின் அசைவுக்கு 12 நிலைகளே கொடுத்திருக்கிறார்கள். அதனால் அவன் தடுமாறுவதைக் காரணம் தெரியாமலே கண் உணர்கிறது. அவன் தேர்ச்சி பெற்றபின் அவ்வேறுபாடு மறைகிறது. கற்பவனின் தடுமாற்றத்தைக் குறையாகக் கருதாது, வளர்ச்சியின் ஒரு படியாகக் காட்டிய அந்தத் தொழிலாளர்களின் கைகளை நான் வணங்குகிறேன்.

எனினும், படம் கேட்காத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. முகமூடியை யாரும் அணியலாம் என்று அது முடிவிற் சொல்கிறது. குலுக்கற் சீட்டில் இடங்கிடையாத பழைய பாடசாலைத் தோழர்கள் எந்த முகமூடியை அணிவது? முடியுந் தறுவாயில், பொலிஸ் நிலையச் சுவர் போன்றதொரு சுவரில் அவன் வரையலாம் என்று தந்தை முன்வருகிறார். தந்தை ஒருவருக்கு அது பெரிய மனமாற்றமே. ஆனால், அனுமதியோடு கிடைக்கும் ஒரு சுவர் அவனுக்கு மட்டுந்தான். ஒரு சிறுவன் உயரத் தாவுவதால், தாவ இயலாதோரின் நிலை மாறிவிடுவதில்லை.

இனி, என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு பாடசாலையில் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியராக இருந்தேன். பரிசளிப்பு விழாவுக்காக மதிலுக்கு வெள்ளையடித்திருந்தோம். விழாவுக்கு முதல்நாட் காலை அம்மதிலில், கரியால், ஒரு பெயரும் அதன் கீழ் ஓர் ஒழுங்கையின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. எழுத்து அழகாகவே இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெயர் அது. தந்தை சந்தையில் மூட்டை சுமப்பவர். அந்த ஒழுங்கையின் பெயரைச் சொன்னால் அவன் எந்தச் சாதியினன் என்பதை ஊர் அறிந்துகொள்ளும்.

வாளியும் தும்பும் கொடுத்து, காலைக் கூட்டத்துக்கு வந்த மாணாக்கர் எல்லாரும் பார்க்க, அதனைக் கழுவச் செய்தேன். அதோடு நின்றேனில்லை. “பெயரை எழுதினது பிழை. அந்த ஒழுங்கையின்ர பேரை ஏன் இஞ்ச கொண்டுவந்தனீ?” என்று கேட்டேன். சாதியத்துக்கு எதிராக மேடையேறிப் பேசிய வாய்தான் அதைக் கேட்டது. அவன் விடை சொல்லவில்லை. கழுவி முடித்து, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அடுத்த தவணை அவன் பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பின்னர் கேள்விப்பட்டேன். நான் தேடிப் போகவில்லை.

அவன் எழுதியது என்ன என்பதை இப்போது உணர்கிறேன். நான் வகுப்பிற் கொடுத்துவந்த கட்டுரைத் தலைப்புக்கு உண்மையான விடையை எழுதிய மாணவன் அவன் ஒருவனே. நான் இன்னான், இன்ன ஒழுங்கையான் என்று எழுதினான். டாக்கி 183 எழுதியதும் அதுவே. நான் அதைக் கழுவச் சொன்னேன். கூடி நின்று பார்த்த மற்றப் பிள்ளைகளும் அன்று ஒரு பாடம் கற்றிருப்பார்கள்: வைத்தியராவேன் என்று எழுது, எந்த ஒழுங்கையிலிருந்து வருகிறாய் என்று எழுதாதே. அப்பாடத்தைக் கற்பித்துவிட்டு, நாற்பது கொப்பிகளையும் திறந்து வைத்துக்கொண்டு கற்பனை வறுமை என்று நொந்தவன் நான்.

இந்தத் தவணையும் அதே தலைப்பைக் கொடுத்திருக்கிறேன். ஆனால், முதற் பந்தியில் வீட்டையும் ஒழுங்கையையும் அங்கே வாழ்வோர் செய்யும் தொழிலையும் எழுதிய பின்னரே, என்ன ஆக விரும்புகிறீர்கள் என்பதை எழுதலாம் என்று சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. இதுவரை வந்து சேர்ந்தவை ஒன்பது கொப்பிகள். மூன்றில் முதற் பந்தி வெறுமையாக இருக்கிறது. அவற்றுக்கு நான் சிவப்பு மையாற் குறியிடவில்லை. அந்த வெறுமைக்கு நானும் பொறுப்பாளி.

துவிச்சக்கர வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் எங்கள் பாடசாலைக்கு நீண்டதொரு சுவர் இருக்கிறது. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் அதனை மாணாக்கருக்கு விடும்படி கேட்கப்போகிறேன். கெட்டிக்காரரென்று தெரிந்தெடுத்த சிலருக்கன்று, எல்லாருக்கும். எதை எழுதவேண்டும் என்று நாம் சொல்லக்கூடாது என்றும் கேட்பேன். மறுப்பவர்கள் இருப்பார்கள்; அவர்கள் சொல்லப்போகும் நியாயங்கள் யாவும் எனக்கு மனப்பாடம், ஒரு காலத்தில் நானே சொன்னவை.